கை காட்டினால் போதும்

மேடையில் நடனமணி வலது கையை மெல்ல உயர்த்தியதும் மைக்செட்காரர் சத்தத்தை ஏற்றினார்.

அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. கல்யாணம், பொதுக்கூட்டம் என்று இத்தனை வருஷமாக ஒரே கொள்கையில் பிழைத்தவர்: மேடையில் இருப்பவர் கை காட்டினால் காட்டினபடி செய்ய வேண்டும். நாட்டியம் என்ற சமாசாரத்தை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதுவும் ஆயிரம் வருஷத்துப் பழைய அரண்மனை முற்றத்தில், முன்வரிசை முழுக்கப் பெரிய மனிதர்களை வைத்துக்கொண்டு. பல நாள் நடக்கும் நாட்டிய விழாவில் ஆடுபவர்கள் எல்லோருடைய பாட்டும் ஒரே பென்டிரைவில் இருந்தது. இன்று ஒழுங்காக முடிந்தால் மற்ற நாட்களும் இவருக்கே. சொதப்பினால் நாளையிலிருந்து மச்சினனின் மைக்செட். அப்புறம் வீட்டில் சோறு கிடைக்கும், மரியாதை கிடைக்காது.

நடனமணி கையைத் தாழ்த்தினார். இவர் குறைத்தார். மறுபடி உயர்த்தினார். ஏற்றினார். 'இந்தம்மாவுக்கு என்னதான்யா வேணும்?' என்று அலுத்துக்கொள்ளும்போதே, நடனமணி பத்து விரல்களையும் படபடவென்று நடுங்கவிட்டார்.

"ஓ, எக்கோ கேக்கறாங்க!" என்று எக்கோவைத் திருகினார்.

அந்தக் கல் முற்றத்தில் எதிரொலிக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை. பாட்டு இடி மாதிரி உருண்டது. தூண்களின் மேல் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி முன்வரிசைக்கு மேலே வட்டமடித்தன. வட்டமடித்ததோடு விட்டனவா என்றால், அதுவும் இல்லை.

தொல்லியல் துறை அதிகாரி சட்டையைத் துடைத்தபடி ஓடி வந்தார். "யோவ், தூணெல்லாம் அதிருதுய்யா! ஆயிரம் வருஷமா நிக்கிறதை ஒரே சாயங்காலத்துல சாய்ச்சிடுவ போலிருக்கே!"

"நான் என்ன சார் பண்றது? அந்தம்மாதான் கேட்டாங்க."

எக்கோவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், நடனமணி இவர் பக்கம் பார்த்து வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தார். இவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாருமில்லை.

என்னையா, என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நடனமணி புன்னகையோடு தலையசைத்தார்.

சரி, சலங்கைச் சத்தத்துக்கு வைத்த மைக்கில்தான் ஏதோ கோளாறு. வேறொரு மைக்கையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு குனிந்தபடியே மேடையேறினார். நடனமணி நாணத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதிலுக்கு இவரும் கொஞ்சம் வெட்கப்பட்டு வைத்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

விழாச் செயலாளர் இவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்தார்.

"உங்களை யாருங்க மேல ஏறச் சொன்னது?"

"அந்தம்மாதான் சார் கூப்பிட்டாங்க."

"ஐயோ, அது அபிநயம்! கையாலேயே கதை சொல்றாங்க. அவங்க கூப்பிட்டது தலைவனை!"

"நம்ம தலைவர் கடைசி நாள்தானே சார் வர்றாரு?"

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "இதோ பாருங்க. அடுத்த பாட்டைப் போடுங்க. போட்டுட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. அவங்க உருண்டாலும் புரண்டாலும் நீங்க எதையும் தொடக்கூடாது. தொட்டீங்க, நாளைக்கு உங்க மச்சினன்தான்!"

பென்டிரைவில் அடுத்ததாக இருந்த பாட்டைத் தட்டிவிட்டு, மைக்செட்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

நடனமணி ஒரு கணம் சிலையாக நின்றார். பிறகு இவரையே பார்த்து விரலை ஆட்டினார். காதைத் தொட்டார். நெற்றியில் அறைந்துகொண்டார். மேடை விளிம்புவரை ஓடி வந்து முழங்காலிட்டு, இரண்டு கையையும் கூப்பினார். கண்மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. மைக்செட்காரருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"என்ன உருக்கம்! என்ன தவிப்பு!" என்று முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் கைக்குட்டையை எடுத்தார். தொல்லியல் அதிகாரியே மூக்கை உறிஞ்சினார். பாட்டு முடிந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.

செயலாளர் ஓடி வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படி ஒரு அபிநயத்தை நான் பார்த்ததே இல்லைங்க! கடைசி நாளும் இதே பாட்டுக்கு ஆடணும்னு விருந்தினர் சொல்லிட்டாரு. விழா முழுக்க நீங்கதான்!"

மைக்செட்காரர் பூரித்துப் போனார். கையோடு மனைவிக்குப் போன் போட்டார். "உன் தம்பிகிட்ட சொல்லு. நாட்டியத்தைப் பத்தி ஏதாவது தெரியணும்னா என்கிட்ட வந்து கேக்கச் சொல்லு!"

அவர் போனை வைக்கவும், நடனமணிக்கு ஒப்பனை போடும் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அண்ணே, அக்கா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. கடைசி நாளும் ஆடணுமாமே, அது என்ன பாட்டுண்ணே? அவங்க இன்னைக்குத்தான் முதல் தடவையா அதைக் கேக்கறாங்களாம்."