மாப்பிள்ளையின் பறக்கும் தசைகள்

சயன்ஸ் படிப்பிக்கிற ஆளைப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. போனாலும் வாயைத் திறக்க விடக் கூடாது. இதை என் அம்மா இன்றைக்கும் சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லுவார். காரணம் நான்தான்.

நாங்கள் பார்க்கப் போன பெண் ஸ்டெல்லாவின் வீடு பலாபத்வல என்ற ஊரில். போட்டோவைப் பார்த்ததிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண்தான் அமைய வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி வேறு ஏற்றியிருந்தேன். ஆனால் அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க" என்றேன். ("சீனி போதுமா, இன்னும் போடவா?" என்றதற்கும் "ஆமாங்க".)

கொஞ்ச நேரம் நாங்கள் தனியாகப் பேசட்டும் என்று ஸ்டெல்லாவின் அப்பா, மிளகு நடக் குழி தோண்டிய இடத்தைக் காட்ட என் அம்மாவைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவளுடைய அம்மா கோப்பைகளைக் கழுவக் குசினிக்குப் போனார். வெளியே பொசுபொசுவென்று தூறல். ஜன்னல் திரையில் கைவிரல் நீளத்துக்கு ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்து இறக்கையை நடுக்கிக்கொண்டிருந்தது.

"பாவம், குளிருது போல," என்றாள் ஸ்டெல்லா.

அவ்வளவுதான். எனக்குள் இருந்த சயன்ஸ் வாத்தியார் எழும்பிவிட்டார்.

"நடுக்கம் இல்லைங்க, சூடேத்துது! புழுவா இருந்தப்ப அதுக்கு ஊர்ற தசைதான். கூட்டுக்குள்ள போனதும் அதில நிறையக் கரைஞ்சிடும். மிஞ்சினதுல சிலதை மாத்திக் கட்டி, புதுசாவும் சேர்த்து, நெஞ்சு முழுக்கப் பறக்கிற தசை வந்திடும். ஆனா அது சூடானாத்தான் வேலை செய்யும். அதான் இறக்கையைத் தூக்குற தசையும் இறக்குற தசையும் ஒண்ணா இழுக்குது. இறக்கை அடிக்காது, நடுங்கும்."

"ஒண்ணா இழுத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். (என் வகுப்பில் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.)

எழும்பினேன். முழங்கைகளை விரித்தேன். கண்ணை மூடி, பல்லைக் கடித்து, தோளிலிருந்து இடுப்பு வரை உதறினேன். தத்ரூபமாக இருக்கட்டும் என்று "ம்ம்ம்ம்" என்று சத்தமும் கொடுத்தேன்.

"ஐயோ, வலிப்பு! இரும்பைக் குடுங்க!"

ஸ்டெல்லாவின் அப்பா திரும்பி வந்துவிட்டார். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். சாவிக்கொத்து கொடுப்பார்கள். இவர் கையில் இருந்ததோ குழி தோண்டும் அலவாங்கு! ஆளுயர இரும்பை என் கையில் திணித்து, என்னை சோபாவில் அமுக்கினார்.

"எனக்கு ஒண்ணும்..."

"வாயைத் திறக்காதீங்க தம்பி, நாக்கக் கடிச்சுக்குவீங்க!"

"எம்புள்ளைக்கு அப்படி ஒரு நோயும் இல்லைங்க, சத்தியமா இல்லைங்க!" என்று பின்னாலேயே ஓடிவந்த என் அம்மா அலறினார். அவர் சத்தியம் பண்ணப் பண்ண, எதையோ மறைத்துக் கல்யாணம் பேச வந்த மாதிரியே இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டெல்லாவோ முகத்தைப் பொத்திக் குலுங்கினாள். மகள் அழுகிறாள் என்று நினைத்து, குசினியிலிருந்து ஓடிவந்த அவளுடைய அம்மாவும் அழுதார்.

அந்த நேரம் பூச்சி நன்றாகச் சூடாகிவிட்டது போல. விர்ரென்று கிளம்பி மின்குமிழைச் சுற்றியது.

"அப்பா, அவரு இந்தப் பூச்சி மாதிரி பண்ணிக் காட்டினாரு!" ஸ்டெல்லா சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப வலிப்பு வருத்தமில்லையா? சும்மாவே இப்படித்தானா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என்னை விட்டு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார். அடுத்த கிழமை ஸ்டெல்லாவே போனில் கோல் எடுத்தாள். "அப்பா இன்னும் யோசிக்கிறாரு. நான் யோசிக்கல," என்றாள். சந்தோஷத்தில் அன்றைக்கு உண்மையாகவே நடுங்கினேன்.

இப்போது எங்களுக்கு ஒரு மகள். மார்கழிக் குளிரில் நான் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தால் ஸ்டெல்லா கத்துவாள்: "மகள், கண்ணாடிச் சாமானை எடுத்து வைங்க, அப்பா பறக்கப் போறாரு!" வீடே சிரிக்கும். மாமனார் மட்டும் சிரிக்கமாட்டார். மெதுவாக எழும்பி, கைக்கெட்டும் தூரத்தில் இரும்பு ஏதாவது கிடக்கிறதா என்று தேடுவார்.