ஏழாவது கம்பியை முறுக்கிய கதை

கூச்ச சுபாவம் உள்ளவன் கையில் சத்தம் போடும் சாமானைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரி மாதா கோயிலில் பூசை கண்ட அத்தனை பேரும் சாட்சி.

நான் அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவன். அப்போது இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி, கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மாதா கோயிலில் ஃபாதருக்கு உதவியாக இருந்த உபதேசியாரின் மகள் ஸ்டெல்லாவை எனக்குப் பெண் கேட்டு அத்தை போயிருந்தாள்.

"படிப்பு இல்ல, வேலையும் கான்ட்ராக்டு. பையன்கிட்ட வேற இன்னாதான் கீது?" என்று கேட்டிருக்கிறார் உபதேசியார்.

அத்தை பதறிப்போய், "கிட்டாரு சூப்பரா வாசிப்பான்" என்று சொல்லிவிட்டாள். (எனக்குத் தெரிந்தது நாலே நாலு கார்டு, அதாவது நாலு விரல்பிடி. அதையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிப்பேன்.)

"அப்ப ஞாயித்துக்கெழம பூசைல வாசிக்கட்டும். கேட்டுட்டு முடிவு சொல்றேன்."

என் பழைய கிட்டாரோ ஷேர் ஆட்டோவில் கழுத்து முறிந்து கிடந்தது. அறையில் என்னோடு தங்கியிருந்த ஜெபராஜ் நாகர்கோவில்காரன். தலையை ஆட்டி ஆட்டி மெட்டல் இசை வாசிப்பவன். அவனுடைய எலெக்ட்ரிக் கிட்டாரை இரவல் கேட்டேன். கன்னங்கரேல் என்று, நீண்ட கழுத்தோடு இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஏழு கம்பி.

"ஆறுதானே இருக்கணும்?"

"மக்கா, மேல கெடக்க தடிக் கம்பிதான் இதுக்க உயிரே. அடிவயித்துல இருந்து உறுமும். நீ அதுல மட்டும் கை வைக்காத, என்னா? கீழ இருக்க ஆறும் வழக்கமான கிட்டாருதான்" என்றவன், பெட்டி மாதிரி ஒரு பெடலையும் கொடுத்தான். "இத ஒரு மிதி மிதிச்சாத்தான் சத்தத்துக்கு ஜீவன் வரும்."

அவன் ஷிப்டுக்குப் போனதும் மடியில் வைத்து வாசித்துப் பார்த்தேன். எலெக்ட்ரிக் கிட்டாரில் வயரைச் செருகாவிட்டால் ஒருவருக்கும் கேட்காது. எனக்காகவே செய்தது போலிருந்தது. ஆனால் அந்தத் தடிக் கம்பி மட்டும் தொளதொளவென்று ஆடியது. உறுமல் வரத்தான் அப்படித் தளர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எங்கள் லைனில் ஒரு வரிசை போல்டை முறுக்கி முடித்ததும் ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்ப்போம். ஒன்று லூசாக இருந்தாலும் சீட் வெளியே போகாது. என் கையைத் தாண்டி லூசான சாமான் போனதாகச் சரித்திரமே இல்லை. சாவியைப் பிடித்து, பக்கத்துக் கம்பியின் விறைப்பு வரும்வரை முறுக்கினேன். 'கிர்ர்' என்று முனகியது. (போல்டும் அப்படித்தான் முனகும்.)

பூசைக்குக் கிட்டாரோடு போய் நின்றதும் உபதேசியார் மேலும் கீழும் பார்த்தார். "இன்னாப்பா இது, கிட்டாரா, ஏர்க்கலப்பையா?" பாட்டுக் குழுவில் நின்ற ஸ்டெல்லா முக்காட்டுக்குள் சிரித்தாள். நான் தரையைப் பார்த்தபடியே வயரைச் செருகினேன்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. காணிக்கைத் தட்டு பீடத்தை அடைந்து, ஃபாதர் கையில் வாங்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது. அது எங்கள் கோயில் கட்டுப்பாடு. நான் பெட்டியை ஒரு மிதி மிதித்து, முதல் கார்டை அடித்தேன்.

ஸ்பீக்கரில் வந்தது கிட்டார் இல்லை. தகடு அடிக்கும் பிரஸ் மெஷின். கூரையிலிருந்த புறாக்கள் ஊரைவிட்டே போயின. கைக்குழந்தைகள் ஒரே குரலில் அழுதன. ரோட்டில் போன லாரி ஒன்று பிரேக் போட்டது.

"கொறப்பா, கொற!" என்று உபதேசியார் என் பக்கம் குனிந்தார். அந்த நேரம் பார்த்து நான் முறுக்கியிருந்த ஏழாவது கம்பி 'பட்'டென்று அறுந்தது. சாட்டை மாதிரி சுழன்று வந்து அவர் கண்ணாடியைத் தட்டியது. அது பறந்துபோய் விழுந்த இடம், பக்கத்தில் போய்க்கொண்டிருந்த காணிக்கைத் தட்டு. தட்டு ஏந்திய அம்மாள் நிற்கவே இல்லை. பூ, பழம், அப்பம், கண்ணாடி என்று ஊர்வலம் நகர்ந்தது.

ஆர்மோனியம் நின்றது. பாட்டுக் குழு வாயடைத்தது. நான் வாசற்கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். ஸ்டெல்லா ஒருத்திதான் நிறுத்தாமல் பாடினாள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில், "வாசிய்யா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

வாசித்தேன். உறுமலை எப்படி நிறுத்துவது என்று தெரியாததால் உறுமலோடேயே, மிச்சமிருந்த ஆறு கம்பியில், என்னுடைய நாலு கார்டையும் வாசித்தேன். அவள் அதற்கு மேலே குரலை ஏற்றினாள். கடைசிச் சரணத்தில் கோயிலே கைதட்டிப் பாடியது. தட்டை வாங்கிய ஃபாதர் மைக்கிலேயே சொன்னார்: "உபதேசியாரே, கண்ணையே காணிக்கையா குடுத்துட்டீங்களே!"

பூசை முடிந்து, மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். உபதேசியார் தடவித் தடவி அங்கேயும் வந்துவிட்டார்.

"நீ ஓடிடுவேன்னு பாத்தேன்."

"ஓடலாம்னுதான் இருந்தேங்க."

"ஆனா ஓடல. பாட்டு நிக்காம காப்பாத்துன பாரு, எம் பொண்ணோட சேந்துகினு. அது போதும், தரேன்." கொஞ்சம் யோசித்து, "கல்யாணத்தன்னிக்கு மட்டும் நீ எதையும் வாசிக்கக் கூடாது" என்றார்.

ஜெபராஜ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கி, தடிக் கம்பி வாங்கி வந்து கொடுத்த பிறகு சிரித்தான்.

மாமனாருக்கு இப்போது வயதாகிவிட்டது. இன்றைக்கும் நான் பக்கத்தில் போனால், என் கையில் இருப்பது காப்பி டம்ளராகவே இருந்தாலும், முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக வந்த விருந்தாளி யாராவது "ஏன் அப்படி?" என்று கேட்டுவிட்டால், அந்த வீட்டில் முதலில் வாயைத் திறப்பவன் நான்தான்.