கரப்பான்பூச்சியும் சும்மா ஒருத்தியும்

"அண்ணே, கரப்பான்பூச்சியைப் பார்த்துட்டு கட்டில் மேல ஏறி நின்னீங்களாமே?"

சலூன்காரரின் கத்தி வாடிக்கையாளரின் தாடையிலேயே நின்றுவிட்டது.

"யார் சொன்னது?"

"பள்ளிக்கூடத்துல சுவர்ப் பத்திரிகை ஒட்டியிருக்காங்கல்ல, அதுல கதையா வந்திருக்கு. கத்தி பிடிக்கிற கை, கரப்பானுக்கு நடுங்குதாம். உங்களை விட்டா யாரு? 'சும்மா ஒருத்தி'ன்னு பேர் போட்டு யாரோ எழுதியிருக்காங்க."

ஒருத்தி! அவருடைய மகள் அங்கேதான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக்குப் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியமா நான் இல்லப்பா! கட்டுரைன்னாலே எனக்குக் காய்ச்சல் வரும்."

"நடிக்காதே!"

அடுப்படிக்குப் போய் மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்து இவ வாயை அடைச்சிடறேன். அவ காதுல போட்டுடாதே."

"நான் ஏங்க சொல்லப்போறேன்?" என்றபடி மனைவி வெங்காயம் நறுக்கினாள்.

அடுத்த வாரக் கதையின் தலைப்பு, 'இரண்டு சக்கர லஞ்சம்'.

"சைக்கிள் என்ன கலர்ணே?" என்று கடையே கேட்டது.

மகள் ஒட்டுக்கேட்கிறாள் என்று முடிவு செய்தவர், அடுத்த திட்டத்தை மொட்டை மாடியில் வைத்து மனைவியிடம் சொன்னார். "இனிமே நான் தங்கமான மனுஷன். குறையே இல்லேன்னா எதை எழுதுவா?"

அன்றே பாத்திரம் தேய்த்தார். மூன்று பீங்கான் தட்டுகள் கைதவறி முப்பது துண்டுகளாயின.

அதுவும் சுவரேறியது. தலையில் முடியே இல்லாதவர்கள்கூடக் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

பொறுக்க முடியாமல் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போனார். தாழ்வாரத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் கதை ஒட்டியிருந்த பலகையைக் காட்டினாள். கிழித்தெறிய நீட்டிய கை, முதல் வரியிலேயே நின்றது. இரண்டாவது பத்தியில் சிரித்துவிட்டார். கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தார்.

'துண்டு எதுவும் யார் காலிலும் குத்திவிடக் கூடாதென்று, முட்டி போட்டுத் தரை முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.'

சலூன்காரர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது சுவத்துல கிடக்கிற எழுத்தாம்மா? பத்திரிகையில வரணும்."

"வரப்போகுதே! வாரப் பத்திரிகைக்காரங்க தொடரா எழுதச் சொல்லிட்டாங்க. வீட்ல விடுவாங்களான்னுதான் இன்னும் பதில் சொல்லல."

"விடாம? நான் இருக்கேன்! இனிமே வீட்டு வேலை ஒண்ணும் செய்ய வேண்டாம், உட்கார்ந்து எழுதட்டும். என் பொண்ணும்மா அவ!"

அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"பொண்ணா? இது சாயங்காலம் நீங்க கடையில இருக்கிற நேரத்துல பெரியவங்களுக்கு நடக்கிற வகுப்போட பலகை சார். எழுதறது உங்க சம்சாரம்!"