பாதி ரவை நிலத்தில்

கடையில் வாங்கிய பொருளை வாங்கியபடியே பாவிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. புதுக் குக்கருக்குக் கைபிடி மாற்றுவேன். தைத்து வந்த சட்டையைப் பிரித்துத் திரும்பத் தைப்பேன். கட்டிய கணவர் கேதீசையும் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன் (சரிவரவில்லை, உதிரிப்பாகம் கிடைப்பதில்லை). ஆகவே நாற்பத்திரண்டு வயதில் நான் ஒரு கைத்துப்பாக்கி வாங்கியபோது, அதற்கு என்ன கதி நேரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் மோர்னிங்சைட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுப்பவள். என் பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் என்னை ஒரு போட்டி பார்க்கக் கூட்டிப்போனாள். பீப் என்று ஒரு சத்தம் கேட்டதும் ஆட்கள் ஓடி ஓடி கடதாசி மட்டை இலக்குகளைச் சுட்டார்கள். வேகமும் வேண்டும், குறியும் தப்பக்கூடாது. பார்த்த அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சோதனை எழுதி, லைசென்சுக்குக் காத்திருந்து, அரசாங்கம் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்துவதற்குச் சில மாதங்கள் முன்னதாக ஒன்றை வாங்கியும் விட்டேன்.

"நாங்கள் உதுக்குப் பயந்துதானே இந்த நாட்டுக்கு ஓடி வந்தனாங்கள்," என்றார் கேதீஸ்.

"அது எங்களைச் சுட்ட துவக்கு. இது மட்டையைச் சுடுறது," என்றேன்.

அவர் எழும்பி, அதை வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். நல்ல மனிதர்.

மாற்றங்கள் தொடங்கின. விசை இறுக்கமாக இருந்தது, ஸ்பிரிங் மாற்றினேன். பிடி வழுக்கியது, மண்தாள் மாதிரிச் சொரசொரப்பான பட்டி ஒட்டினேன். மேலே சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி ஒன்று பூட்டினேன். ரவை என்கிற குண்டுகளை நிரப்பிய மகசின் கூடு தடங்கலில்லாமல் உள்ளே போக, பிடியின் அடிப்பக்கத்துக்கு அகலமான வாய் ஒன்று வைத்தேன்.

"இப்ப இதிலை கொம்பனி செய்தது ஏதும் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார் கேதீஸ்.

"பேர் இருக்குது," என்றேன்.

பிறகு பயிற்சி. ரவைகளை வேறு பெட்டியில் பூட்டிவிட்டு, வெறும் துவக்கோடு நிலவறையில் நிற்பேன். போன் பீப் என்னும். இடுப்பு உறையிலிருந்து உருவி, சுவரில் ஒட்டிய காகிதத்தைக் குறிபார்த்து விசையை அழுத்துவேன். டிக். ரவையில்லாத துவக்கு ஒரு டிக்கோடு செத்துவிடும். அடுத்த டிக்குக்கு, சிலைட் என்கிற மேல்பகுதியைக் கையால் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். ஆகவே டிக், சரக். டிக், சரக். மூன்று மாதம், ஒவ்வொரு பின்னேரமும். கடைசியில் கை மின்னல் மாதிரிப் போனது. (அந்த மின்னல் எங்கே விழப்போகிறது என்று அப்போது தெரியாது.)

இடையில் துப்பாக்கி கிளப்பில் பாதுகாப்பு வகுப்பும் முடித்தேன். அங்கே பீப் இல்லை. ஒவ்வொரு வெடியாக, ஆறுதலாகச் சுட்டோம். ஒரு பிழையும் வரவில்லை.

முதல் போட்டி ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி ஒரு திறந்தவெளி மைதானத்தில். அன்று ஒழுங்காகச் சுட்டு முடித்தால்தான் என் பெயர் உறுப்பினர் பட்டியலில் சேரும். நானோ ஊருலகமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கேதீஸ் வேலிக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனுக்குள் பாரிசிலிருந்து அண்ணா, லண்டனிலிருந்து தங்கச்சி, அவளுடைய மாமியார்.

எட்டு மட்டைகள், மட்டைக்கு இரண்டு வெடி, ஆகமொத்தம் பதினாறு. என்னிடம் பத்துப் பத்தாக மூன்று மகசின். முப்பதில் பதினாறு போனால் பதினான்கு மிச்சம். என் நாலாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

கறுப்புக் கண்ணாடியும் தாடியும் தொப்பியுமாக, நேரம் அளக்கும் கருவியோடு நடுவர் என் தோளருகில் வந்து நின்றார். பீப்.

உருவினேன். டமார். சரக். டமார். சரக். என்ன வேகம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. ஐந்தாவது வெடியோடு ரவை தீர்ந்து துவக்கு வாயைப் பிளந்தது. பத்துப் போட்டேனே என்று யோசிக்க நேரமில்லை. அடுத்த மகசின். அதுவும் ஐந்தில் முடிந்தது.

"மூதேவி, ஏன் இப்பிடி முடியிறாய்?" என்று தமிழில் வைதுகொண்டே மூன்றாவதைப் போட்டேன். கடைசி மட்டைக்கு ஒரு வெடி பாக்கி இருக்கையில் அதுவும் முடிந்தது. இடுப்பைத் தடவினேன். ஒன்றுமில்லை.

துவக்கு வெறுமையாக இருப்பதைப் பரிசோதித்து, உறையில் வைக்கச் சொன்ன பிறகு, நடுவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூதேவி மேல தப்பே இல்லீங்க மேடம்," என்றார் சுத்தமான சென்னைத் தமிழில். "நல்லாத்தான் சுட்டுச்சு. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் சிலைடை இழுத்து அதை வாந்தியெடுக்க வெச்சீங்க. கீழ பாருங்க."

பார்த்தேன். சுடப்படாத ரவைகள் சரளைக் கல்லில் பளபளவென்று கிடந்தன. பதினைந்து. ரவை போட்ட துவக்கு தன் வேலையைத் தானே செய்யும், அதன் சிலைட் தானாகவே பின்னுக்குப் போய் அடுத்த ரவையை ஏற்றும் என்பதை, மூன்று மாதத்தில் என் கை முற்றாக மறந்துபோயிருந்தது.

"என்னப்பா, ஏன் அதெல்லாத்தையும் கீழை எறிஞ்சனீர்?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேதீஸ் கேட்டார். போனை மட்டும் தாழ்த்தவில்லை.

முழந்தாளில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். நடுவரும் குனிந்து பொறுக்கித் தந்தார். "நான் கிளப்புக்குத் திரும்ப வரலாமோ?" என்று நிமிராமலே கேட்டேன்.

"கண்டிப்பா வாங்க. அவ்வளவு கூத்திலயும் துப்பாக்கி வாய் ஒரு தடவைகூடத் திசை மாறல. அதுதான் எங்களுக்கு முக்கியம்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்றைய பட்டியலில் நான் கடைசி. எனக்கு முந்தின ஆளின் பெயர்கூட எட்டாத தூரத்தில் இருந்தது. ஆனால் உறுப்பினராகிவிட்டேன்.

இப்போதும் போகிறேன். இப்போது கையும் சொன்னபடி கேட்கிறது. ஆனால் குடும்பத்துக்கு அது தேவையில்லாத விபரம். போன மாதம் அஜக்சில் ஒரு பிறந்தநாள் வீட்டில், கேசரி கிண்டுகிற இடத்தில் உதவிக்குப் போய் நின்றேன். தங்கச்சியின் மாமியார் லண்டனிலிருந்து வந்திருந்தா. என்னைக் கண்டதும் பாத்திரத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டா.

"இவவை ரவைப் பக்கம் விடாதேங்கோ பிள்ளையள்," என்றா. "பாதியை நிலத்திலை கொட்டிப்போடுவா."