நாலு பேர் தூக்கிய படிப்பு

"பலகை எங்கே?" என்று கேட்டாள் சிவகாமசுந்தரி.

அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த தோழி சம்சுன்னிசா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், படியோரம் நின்ற செம்பருத்திச் செடியைக்கூட விலக்கிப் பார்த்தாள். ஏழு படிகளின் மேல் சாய்த்துப் போட்டிருந்த இரண்டு நீளப் பலகைகளையும் காணோம்.

"நேத்துதானே லா போட்டோம்! ஒரே ஒரு நாள்தானே ஏறினே!"

சிங்கப்பூரில் புக்கித் தீமா பக்கத்துக் குன்றின் மேல் அந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டிய வெள்ளைக்காரனுக்குப் படி என்றால் அப்படி ஓர் ஆசை. எங்கே திரும்பினாலும் படி. இளம்பிள்ளை வாதம் வந்த பெண்ணொருத்தி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் தமிழர் வரலாறு படிக்க வருவாள் என்று அவன் கனவா கண்டான்? ஆனாலும் சுந்தரி வந்துவிட்டாள். தேக்கா சந்தைக்குக் காய்கறி ஏற்றும் அப்துல் கஃபாரின் வேனில், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே, நாற்காலியோடு தினமும் வந்து இறங்கினாள்.

குன்றடி வரை வேன். அங்கிருந்து சம்சுன்னிசா. ஏழு படிக்கு மட்டும் நாலு பேர்.

அந்த நாலு பேரும் வளாகத்தில் புல் வெட்டுகிறவர்கள். செல்லக்கண்ணு, மருதப்பன், ஒலி முகம்மது, இன்னொருவர் பரமசிவம். ஆஸ்பத்திரியில் தானமாகக் கிடைத்த அந்த இரும்பு நாற்காலி சுந்தரியைவிடக் கனம். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, "ஏலே, பார்த்து! பாப்பா விழுந்துடப் போவுது!" என்று கத்திக்கொண்டே ஏற்றுவார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்ப இறக்க வேண்டும் என்பதால் வகுப்பின் பின்வரிசையில், சுவரோரம், அரிவாளை வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் வாரம் இதைக் கேட்டதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "நாலு பேரு தூக்கிட்டுப் போறாங்கன்னு வெளியில சொல்லாதடி! கேக்கவே நல்லால்ல!"

சுந்தரிக்கு அபசகுனம் பற்றிக் கவலை இல்லை. அந்த நாலு பேரைப் பற்றித்தான் கவலை. வெயிலில் வேலை செய்கிற மனிதர்கள். அவளால் அவர்களுக்கு இரட்டை வேலை. வகுப்பில் திரும்பிப் பார்த்தால் செல்லக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டிருப்பார். மருதப்பன் உள்ளங்கையில் பேனாவால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பார். இன்னும் வெட்டாத புல்தரைகளைக் கணக்குப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று சுந்தரிக்கு நெஞ்சு உறுத்தும். படி இறங்கும்போது, "அடுத்த வகுப்பு எப்ப பாப்பா?" என்று கேட்பார்கள். பாவம், எவ்வளவு சலிப்பிருந்தால் அப்படிக் கேட்பார்கள்!

இதற்கிடையில் தலைமை எழுத்தர் அம்பலவாணரிடமிருந்து ஒரு கடிதம் வேறு வந்திருந்தது. புல் வெட்ட வைத்த ஆட்களை இந்தத் தவணை முடியும்வரைதான் தர முடியும். அதற்குமேல் மாணவி தாமாகவே வகுப்புக்கு வர வழி செய்துகொள்ள வேண்டும், இல்லையேல் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

அதனால்தான் பலகை. சிராங்கூன் ரோடு மரக்கடையில் தச்சராக இருந்த அப்பா, தம் கையாலேயே இழைத்துக் கொடுத்த பலகை. அதுதான் ஒரே நாளில் மாயம்.

அப்பா மறுபடி இரண்டு பலகை இழைத்தார். இந்தத் தடவை சுந்தரி ஏமாறுவதாக இல்லை. சங்கிலியைப் பலகைகளைச் சுற்றிக் கட்டித் தூணோடு பூட்டினாள். சாவியைத் தாலிக்கொடி மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சங்கிலி இருந்தது. பூட்டு இருந்தது, பூட்டியபடியே இருந்தது. பலகைதான் இல்லை, உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்போதே, குறிப்பேட்டில் கண்ணைப் பதித்துக்கொண்டு வந்த விரிவுரையாளர் இராஜரத்தினம் அந்தச் சங்கிலியில் கால் மாட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயோ, சார்!"

"ஒண்டுமில்லைப் பிள்ளை, ஒண்டுமில்லை" என்றார் அவர் யாழ்ப்பாணத்து மரியாதையோடு. எழுந்திருக்கப் பார்த்தார். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

அன்றிலிருந்து அந்த நாலு பேருக்கும் இரண்டு சுமை. முதலில் சுந்தரி, அப்புறம் சார். "தலையைக் குனிஞ்சுக்குங்க சார், நிலைப்படி இடிக்கும்!" என்று செல்லக்கண்ணு சொல்ல, சார் கூச்சத்தோடு குறிப்பேட்டை மார்பில் அணைத்துக்கொண்டு ஏறுவார். சுந்தரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சுமையைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டாளே!

"காவல் போடணும் லா" என்றாள் சம்சுன்னிசா.

"யாரை?"

"நம்ம செல்லக்கண்ணு அண்ணனையே போடு. அவங்க கொட்டகை இங்கேதானே இருக்கு."

அப்பா மூன்றாம் தடவையாக இரண்டு பலகை இழைத்தார். முணுமுணுத்துக்கொண்டே இழைத்தார். சுந்தரி செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என் உசிரு இருக்கிற வரைக்கும் ஒருத்தன் கை வைக்க முடியாது பாப்பா."

"உங்களுக்காகத்தான் அண்ணே இதெல்லாம். பாவம், எத்தனை நாளைக்குத்தான் என்னைத் தூக்குவீங்க?"

செல்லக்கண்ணு மருதப்பனைப் பார்த்தார். மருதப்பன் வானத்தைப் பார்த்தார்.

மறுநாள் பலகை இல்லை.

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பாப்பா! எவனோ பெரிய கை!" என்று செல்லக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார்.

சுந்தரிக்குச் சந்தேகம் வளாகத்து உணவுக்கடை சாகுல் ஹமீது மேல் விழுந்தது. அவர் அடுப்பு விறகடுப்பு. காலையில் அந்த அடுப்பு வழக்கத்தைவிடக் கொழுந்துவிட்டு எரிந்ததாக அவளுக்குத் தோன்றியது. கோபத்தில் நாற்காலியை நேரே அங்கே தள்ளச் சொன்னாள்.

"பாய், எங்க பலகையிலதான் இன்னிக்குப் புரோட்டா சுட்டீங்களா?"

சாகுல் ஹமீது கரண்டியைக் கீழே வைத்தார். "என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு? இனிமே இந்த வகுப்புப் பிள்ளைங்க யாருக்கும் என் கடையில புரோட்டா கிடையாது. போங்க!"

சொன்னதைச் செய்தும் காட்டினார். மத்தியானம் முழு வகுப்பும் பட்டினியோடு சுந்தரியை முறைத்தது.

வேறு வழியில்லாமல் அவள் அம்பலவாணரிடமே போனாள். பலகை மூன்று முறை திருடு போனதை எழுதிக் கொடுத்து, சிமெண்டால் ஒரு சாய்தளம் கட்டித் தரும்படி கேட்டாள்.

அம்பலவாணர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வரி வரியாகப் படித்தார்.

"வளாகத்திலை களவு. விரிவுரையாளருக்குக் காயம். உணவுக்கடையிலை கலவரம்" என்று விரல்விட்டு எண்ணினார். "எல்லாம் இந்த ஒரு சக்கரக் கதிரையாலை. பிள்ளை, எனக்கு உம்மிலை கோபமில்லை. ஆனா சட்டம் எண்டால் சட்டம். இனித் தவணை முடியுமட்டும் பார்த்துக்கொண்டிருக்கேலாது. வாற திங்கட்கிழமையிலை இருந்து புல்லு வெட்டுற ஆக்கள் புல்லு மட்டும்தான் வெட்டுவினம்."

"அப்ப நான் எப்படி சார் மேல ஏறுறது?"

"அதுதான் நானும் யோசிக்கிறன்" என்றார் அம்பலவாணர், நிஜமாகவே வருத்தத்தோடு. பிறகு கோப்பை மூடினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சுந்தரி அம்மாவிடம் சொல்லி ஒரு தூக்கு நிறைய ரவா லட்டு பிடித்து வாங்கிக்கொண்டாள். வகுப்பு முடிந்து கீழே இறக்கியதும் நாலு பேரையும் நிற்கச் சொன்னாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சைத் தொடங்கினாள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க என்னைத் தூக்க வேணாம்ணே. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நானும் வரப்போறதில்ல. படிப்பை நிறுத்திக்கறேன்."

"நிறுத்தறதா?" செல்லக்கண்ணுவின் குரல் கீச்சென்றது. "தவணை முடியறவரைக்கும் நாங்கதானே தூக்கறதா இருந்துச்சு? அப்புறமும் கேட்டா எங்களைக் குடுப்பாங்கன்னுல்ல நெனச்சோம்!"

"பலகை இருந்தா நானே ஏறிடுவேன். அதுதான் நமக்கு நிலைக்கலையே." கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "பரவாயில்ல. ஒரு நாளு முகம் சுளிச்சிருப்பீங்களா? சொந்த அண்ணன் தம்பிகூட இப்படித் தாங்க மாட்டாங்க. நான் இந்த வகுப்புக்குள்ள உக்காந்தேன்னா அது உங்க தோளுமேலதான். இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்."

கும்பிட்டாள். நாலு பேரும் பேயறைந்தவர்கள் மாதிரி நின்றார்கள். லட்டுத் தூக்கை வாங்கக்கூட யாருக்கும் கை நீளவில்லை. பரமசிவம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுந்தரிதான் தூக்கைப் படியில் வைத்துவிட்டு வேனுக்குப் போனாள்.

திங்கட்கிழமை நூலகத்துப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகலாம் என்று கடைசியாக ஒருமுறை வந்தாள். சம்சுன்னிசா தள்ளிக்கொண்டு வந்தவள், படிக்குப் பத்தடி முன்னால் சட்டென்று நின்றுவிட்டாள்.

"சுந்தரி... அங்க பாரு லா!"

ஏழு படிகளையும் மூடிக்கொண்டு அகலமாக ஒரு சாய்பலகை படுத்திருந்தது. வழுக்காமல் இருக்கக் குறுக்கே கட்டைகள் அடித்திருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கைப்பிடி. அடியில் செங்கல் முட்டு. அப்பா இழைத்த பலகைகள் ஆறும் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. சுந்தரிக்கு அந்த இழைப்பு தெரியாதா?

பக்கத்தில் அம்பலவாணர் கக்கத்தில் கோப்போடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஆருடைய அனுமதியிலை இது? உடனை எடுப்பிக்க வேணும்!"

அப்போதுதான் இராஜரத்தினம் ஊன்றுகோலோடு வந்தார். பலகையைப் பார்த்தார், கணுக்காலைப் பார்த்தார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலேறிப் போய் உச்சியில் திரும்பி நின்றார்.

"அம்பலவாணர், ஆர் போட்டினமோ அவை நல்லாயிருக்க வேணும். இதை எடுத்தால் என்னை நீர்தான் தூக்க வேணும்."

அம்பலவாணர் சாரின் பருமனை ஒருமுறை அளந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "விரிவுரையாளரின் கால் நோவுக்காகப் போடப்பட்ட நிரந்தர ஏற்பாடு" என்று கோப்பில் எழுதிக்கொண்டு, சுந்தரியைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். "வேற ஆரும் ஏறினால் நான் காணேல்லை, பிள்ளை."

சம்சுன்னிசா ஒரு தள்ளுத் தள்ளினாள். சக்கரம் கடகடவென்று ஏறியது. பதினெட்டு மூச்சில் ஏறுகிற ஏழு படியை ஒரே மூச்சில் ஏறிவிட்டாள் சுந்தரி. கால் முளைத்தது போலிருந்தது. சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

கீழே புல்தரையோரம் அந்த நாலு பேரும் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார்கள். கிட்டே வரவில்லை.

"அண்ணே! நீங்கதானே போட்டீங்க? எனக்குத் தெரியும்!" என்று மேலிருந்து கத்தினாள். "எங்கேர்ந்து கண்டுபிடிச்சீங்க? எடுத்தவன் யாருன்னு சொல்லுங்க. சத்தியமா திட்ட மாட்டேன்!"

செல்லக்கண்ணு தரையைப் பார்த்தார். மருதப்பன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஒலி முகம்மதுதான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"எடுத்தது நாங்கதாம்மா. உன்னைத் தூக்கற வேலை இல்லேன்னா, புல்லு வெட்டறவனை எந்தக் காலேஜும்மா வகுப்புக்குள்ள விடும்?"