செண்டுடுக் செடிக்கு நான் போட்ட உத்தரவு

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இருபத்து நாலு வயதில் எனக்குச் சின்னக் கிராணி, அதாவது தோட்டத்து உதவிக் கணக்குப்பிள்ளை, வேலை கிடைத்தபோது நான் பட்டப்பகலிலேயே பிடித்தேன். மலாய் நாட்டில் லாயாங் லாயாங் என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற உத்தியோகம்தான். கவர்னர் என்று நினைப்பு எனக்கு.

அந்த வருஷம் எங்கள் முதல் குழந்தை, பெண், பதினோரு நாள் இருந்துவிட்டுக் காய்ச்சலில் போய்விட்டாள். சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற ஓடைக்கரையில் அடக்கம் செய்து, அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டோம். என் மனைவி தனபாக்கியத்துக்கு அந்த மொட்டைக் குச்சியைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பூச்செடி வேண்டும் என்றாள். ஊரிலிருந்து கப்பலில் வந்தவர்களிடம் சொல்லி இரண்டு முறை மல்லிகைப் பதியன் வரவழைத்தேன். இரண்டும் மழையில் அழுகின.

"அவ இங்கதானங்க பொறந்தா. இந்த மண்ணுச் செடியவே வைங்களேன்," என்றாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, தலையில் தொப்பி, கையில் நோட்டும் அளவு நாடாவுமாகக் காட்டோரம் அலைந்தேன். (பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை.) காட்டு வெட்சி மெதுவாக வளரும், வேண்டாம். கெமுந்திங் பூ இரண்டே நாளில் வெளிறிவிடும், வேண்டாம். கடைசியில் வருஷம் முழுக்க ஊதாப் பூ பூக்கிற செண்டுடுக் என்கிற காட்டுச்செடி தேறியது. ஆறு செடிகளைச் சுற்றி நட்டேன். ஆறும் பிழைத்தன. உடனே குச்சியைப் பிடுங்கினேன்.

"இருந்துட்டுப் போகட்டுமேங்க."

"செடியே அடையாளம். குச்சி அழகக் கெடுக்குது," என்றேன் பெரிய நிபுணன் மாதிரி.

அதன் பிறகு வாராவாரம் ஒரு குடம் தண்ணீரோடு போய்வந்தாள். கொஞ்சம் சாப்பிடவும் தொடங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, தோட்டத்தில் களையே இருக்கக்கூடாது என்றார் எங்கள் வெள்ளைக்காரத் துரை. அவர் ஆங்கிலத்தில் சொன்னது நாலு வார்த்தை. அதைப் பெரட்டில் தமிழில் நான் கால் மணி நேரம் சொன்னேன். லாலான் புல், செண்டுடுக் என்று களைகளைப் பெயர் சொல்லி வேறு அடுக்கினேன். (தோட்டக் கணக்கில் செண்டுடுக் களைதான். வாய் பெரட்டில் இருந்தது, மூளை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.)

களையெடுக்கும் பெண்களில் மூத்தவள் அஞ்சலை தயங்கிக் கேட்டாள். "ஐயா, ஓடைக்கரையிலயுமா?"

"எல்லா எடத்துலயும்தான். ஒரு செண்டுடுக் என் கண்ணுல படக்கூடாது."

"இல்லீங்கையா, அந்தப் பக்கம் வந்து..."

"எதுத்துப் பேசாத. போய் வேலையப் பாரு."

துரை திருப்தியாகத் தலையசைத்தார். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது கரை முழுவதும் செம்மண்ணாகக் கிடந்தது. செடியும் இல்லை, மேடும் இல்லை. மண்வெட்டியால் வழித்துச் சமன் செய்திருந்தார்கள். அந்த மரத்திலிருந்து ஏழடி, இந்தக் கல்லிலிருந்து ஒன்பதடி என்று நான் உளறிக்கொண்டே அளந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு இடம் வந்தது. சேதி கேட்டு ஓடிவந்த அஞ்சலை, "கேட்டேனேய்யா, நீங்கதான் எல்லா எடமும்னீங்க," என்று அழுதாள். என்னை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தனபாக்கியம் குடத்துத் தண்ணீரைக் கரை முழுக்க, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று, தீரும்வரை ஊற்றிக்கொண்டே நடந்தாள்.

இப்போது பத்து பாகாட் டவுனில் இருக்கிறோம். எங்கள் வாசலில் எது முளைத்தாலும் யாரும் பிடுங்கக்கூடாது, அது அவள் சட்டம். கதவைத் திறக்கவே செடியை ஒதுக்க வேண்டும். "எங்கப்பா தோட்டத்துக் கிராணியாம், ஒரு புல்லு புடுங்கத் தெரியாது லா," என்று என் பிள்ளைகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள். நாங்கள் இருவரும் கூடச் சேர்ந்து சிரிப்போம். தனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள் என்பது எங்கள் பெரியவனுக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. சொன்னால், எங்கே புதைத்தீர்கள் என்று கேட்பான்.