பால் தொட்டி மீனும் நீலாவதியின் தாடைக் கட்டியும்

கோலா பிலா பக்கத்துத் தோட்டம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் வீரமுத்து அவர்களுக்கு,

உங்கள் தங்கை நீலாவதியைக் கட்டிக்கொண்டவனும், இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸருமான அமிர்தலிங்கம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. அங்கே தம்பின் ஊரில் எல்லாரும் சுகம்தானே? இங்கும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆனால் கை வரவில்லை. திங்கட்கிழமை நீலாவதியைச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கத்தி வைக்கக் கூட்டிப் போகிறேன். இதைக் கொண்டுவரும் லோரியிலேயே ஏறி வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும்.

அவளுக்கு வலது தாடைக்குக் கீழே ஒரு கட்டி. சோறென்று சொல்லிக்கொண்டு நாங்கள் தின்னும் மரவள்ளிக் கிழங்கை வாயில் வைத்தால் புடைக்கும், பிறகு கொஞ்சம் வற்றும், அடுத்த வேளை மறுபடி புடைக்கும். புற்று பதுங்கிப் பதுங்கித்தான் வளரும் என்று முன்பு ஒரு பெரிய டாக்டரிடம் வேலை பார்த்தபோது கேட்டிருக்கிறேன். அது மனசில் உட்கார்ந்துகொண்டது. தினமும் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதும், ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்வதும், கிணற்றடிக்குப் போய் நடுங்குவதுமாக இருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

வெள்ளைக்காரன் ஓடிய பிறகு சிரம்பானுக்குப் போகக்கூடப் பாஸ் வேண்டும், பாஸ் இப்போது தோட்டத்தை ஆளும் ஜப்பான் துரை கையில். அவருக்கு மனுஷர் மேல் கண்ணில்லை, மீன் மேல்தான். ரப்பர் ஆலை சும்மா கிடக்கிறதல்லவா, பால் உறையவைக்கும் தொட்டியில் ஜாவாவிலிருந்து வந்த மீன்களை விட்டு, பெருகினால் பட்டாளத்துக்கே கறியாகும் என்று காத்திருக்கிறார். நான் பாஸ் கேட்டேன். மொழி சொல்பவன் ஆபீஸில் கணக்கு எழுதும் நம் கிராணி ஜார்ஜ். "மொத மீன் குட்டி போடட்டுமாம், அப்புறம்தான் பாஸாம். மீனப் பாத்துக்கறதும் இனிமே நீங்கதானாம்" என்றான். நான் மனுஷர் வைத்தியனென்று சொல்லு என்றேன். "நீங்களே சொல்லுங்க லா, எனக்கு என் கழுத்து வேணும்" என்றான்.

சரி என்று தவிடு போட்டு வளர்த்தேன். போன புதன்கிழமை பார்த்தால், இருப்பதில் பெரிய பெட்டை மீன் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை, தாடைக்குக் கீழே வீக்கம். வீட்டில் ஒரு தாடை, தொட்டியில் ஒரு தாடை. மீன் செத்தால் பாஸ் இல்லை, பாஸ் இல்லாவிட்டால் நீலாவதி இல்லை. மறைக்கலாமென்று பார்த்தேன், அதற்குள் துரையே வந்து குனிந்து பார்த்து, இது என்ன என்றார். என் மனசில் இருந்ததே வாயில் வந்துவிட்டது. புற்று, வெட்டி எடுக்கணும் என்று சொல்லிவிட்டேன். "வெட்டச் சொல்றாரு" என்றான் ஜார்ஜ். செத்துப்போனா, என்றேன். அவன் துரையிடம் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தபடி, "செத்தா நீங்களும்தானாம்" என்றான்.

ஆலை மேசைமேல் ஈரச் சாக்கை விரித்து மீனைக் கிடத்தினேன். கத்தியைக் கொதிக்கவைத்தாயிற்று. துரை இடுப்பு வாளோடு தலைமாட்டில் நின்றார், மீனின் தலைமாட்டில்தான், ஆனாலும் என் கழுத்து கூசியது. விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுக்க வரிசையாக நிற்கும் தொழிலாளர் வாயில் மலேரியாவுக்குக் கொயினாத் தண்ணீர் ஊற்றி, விழுங்கினார்களா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது என் வேலையல்லவா, அந்தப் பழக்கத்தில் கத்திக்கு முன்னால் விரல் போய் மீனின் வாயைப் பிளந்துவிட்டது. உள்ளேயிருந்து கொசுப்புழு மாதிரி பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. கட்டியில்லை மச்சான், பிள்ளைகள். அந்த ஜாதி மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்குமாம், அதுவரை தீனி தின்னாதாம். ஜார்ஜ் சாக்கோடு அள்ளித் தொட்டியில் போட்டான், தாயும் பிள்ளைகளும் நீந்தின. துரை தொப்பியைக் கழற்றி எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். பிரசவம் பார்த்த கைக்கு அன்றைக்கே பாஸ் கிடைத்தது, திங்கட்கிழமை லோரியில் இடமும் கிடைத்தது.

பாஸ் வந்த பிறகுதான் பயம் கூடிப்போச்சு. நீலாவதி அழவில்லை. பிள்ளைகள் துணியை மடித்துக்கொண்டே, "சின்னவளுக்கு இருமல் வந்தா மொளகுக் கஷாயம் போதும்னு அண்ணங்கிட்ட சொல்லிடுங்க" என்கிறாள். அவள் போகப்போகிறவள் போலப் பேசுவதை என்னால் கேட்க முடியவில்லை. தயவுசெய்து வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரத் தங்கச்சிக்கு என் அன்பு, அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆசிகள். மாரியாத்தா எல்லாரையும் அவரவர் வீட்டிலேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அமிர்தலிங்கம்

பி.கு.: வர வேண்டாம். இதை மடிக்கும்போது அடுப்படியில் நீலாவதி உப்பில் ஊறிய புளிச்ச பிலிம்பிங் காயைக் கடித்தாள். தாடை விண்ணென்று புடைத்தது, அலறினாள், எதையோ உள்ளங்கையில் துப்பினாள். அரிசி அளவு கல். எச்சில் வரும் வழியை நாக்கின் கீழே அடைத்துக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருந்திருக்கிறது, புளிப்புக்கு ஊறிய எச்சில் அதை வெளியே தள்ளிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வீக்கம் என் கண்ணெதிரே வற்றிப்போச்சு. வெட்கமில்லாமல் அழுதேன் மச்சான். தோட்டத்து சனம் அத்தனை பேர் நாக்கையும் தூக்கிப் பார்த்தவன், டிரஸர் பெண்டாட்டி பெரட்டில் நிற்பதா என்று இவளுக்கு மட்டும் வீட்டிலேயே டம்ளரில் கொயினா கொடுத்துவந்தேன், நாக்கைத் தூக்கச் சொன்னதே இல்லை. அவள் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னாள்: "மீனுக்குப் பாத்தீங்கல்ல, எனக்கும் ஒரு தடவ வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்திருக்கலாம்ல."